எடைமேடை, இரவு 2.10

சோஹார் துறைமுகம், ஆகஸ்ட்.
கல் ஏற்றிய லாரி மேடைமேல் நிற்கிறது.
திரையில் எடை வந்துவிட்டது,
சீட்டுதான் வரவில்லை.
எடையை எழுதிவைக்க வேண்டிய வட்டு
முப்பது விநாடி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது,
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் எழுதுகிறது.
அடுத்த லாரிக்கும் அப்படியே.
பின்னால் பதினேழு லாரிகள்.

குல் ஜமான் கண்ணாடிக் கதவைத் தட்டி
விரலால் மேலே காட்டுகிறார்.
அல்லாவையா, புழுக்கத்தையா, தெரியவில்லை.

கேபிளை மாற்றினேன்.
மாற்றிய கேபிளையும் மாற்றினேன்.
மின்சாரத்தைக் குறை சொன்னேன், ஏசியைக் குறை சொன்னேன்,
போன வாரம் இந்த வட்டுப்பெட்டியை வாங்கித் தந்த
ரோய் செபாஸ்டியனை,
அவர் தூங்கும் நேரம் பார்த்து, குறை சொன்னேன்.
இரவுப் பொறுப்பாளர் நஸ்ரா அல் புலூஷி
இரண்டாவது சுலைமானியை மேசையில் வைத்து
"செத்துவிட்டதா?" என்றார்.
சாகவில்லை.
செத்த வட்டு இவ்வளவு பேசாது.

பதிவேட்டைத் திறந்தால் ஒரே வரி, நூறு தடவை:
ஐந்து, இருபது, பூஜ்யம்.
ஐந்து என்றால் சட்டவிரோதக் கோரிக்கை.
அந்தச் சொல்லைப் பார்த்ததும்
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது,
அடையாள அட்டை இருக்கிறதா என்று.
இருந்தது. இன்னும் நாலு மாதம் செல்லும்.
பிறகுதான் நிதானம் வந்தது:
இங்கே சட்டமும் இல்லை, விரோதமும் இல்லை.
"நீ கேட்டது எனக்குத் தெரியாத வேலை"
என்று வட்டு சொல்கிறது, அவ்வளவுதான்.
மரியாதையாகத்தான் சொல்கிறது.

அப்படி என்ன கேட்டாய் அதனிடம்?

யாரோ எப்போதோ எழுதிய டிரைவர்.
கர்னலுக்குள் போய் வரிவரியாகப் பிரித்தேன்.
வெளியே இருக்கும் டிரைவர் ஹாரன் அடித்தார்.
உள்ளே இருப்பவன் கேட்கிறான்,
தெரியாது என்கிறது வட்டு,
நம்பாமல் திரும்பக் கேட்கிறான், ஐந்து முறை.
பிறகு, இதற்கு உடம்பு சரியில்லை என்று தானே முடிவுகட்டி
வட்டைப் படுக்கவைத்து எழுப்புகிறான்.
அந்த முப்பது விநாடிதான்
குல் ஜமானின் கழுத்தில் வழிகிறது.

கேட்டது இதுதான்.
புதுச் சீட்டு ஒன்று எழுதும்போதெல்லாம்
பழைய சீட்டு ஒன்று அழிகிறது.
அது இருந்த இடத்தை மறந்துவிடு.
போன ரமலானுக்கு முன் எடைபோட்ட கல்,
கப்பலேறிக் கரைசேர்ந்து யார் வீட்டுக்கோ அஸ்திவாரமாகிவிட்டது,
மறந்துவிடு.

மறக்கிற கட்டளை அந்தப் பெட்டிக்குள் கிடையவே கிடையாது.
ஆனால் அது நீட்டுகிற அறிமுகத் தாளில்
"மறக்கத் தெரியும்" என்று
தெளிவாக எழுதியிருக்கிறது.

கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை.
அரபி எழுதப் படிக்கத் தெரியும் என்று
திருச்சியில் ஒரு ஏஜென்ட்டின் மேசையில்
எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் நானும் விமானம் ஏறினேன்.
நஸ்ரா முதல் நாளே கண்டுபிடித்தார்.
ஐந்து முறை கேட்கவில்லை.
ஊருக்கு அனுப்பவில்லை.
ஆங்கிலத்தில் கேட்க ஆரம்பித்தார்.

விதிவிலக்குப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
இந்தக் கம்பெனி, இந்த மாடல்,
தெரியும் என்று அது சொன்னாலும்
மறக்கச் சொல்லாதே.
தொகுத்து, ஏற்றி, சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்புவதற்குள்
சுலைமானியில் ஏடு கட்டியிருந்தது.

3.52க்குச் சீட்டு வந்தது, கேட்ட கையோடு:
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று இருபது கிலோ.
குல் ஜமான் அதை மடித்துத் தொப்பிக்குள் செருகினார்.
"க்யா கராப் தா?"
என் இந்தியைத் துழாவிப் பார்த்தேன்,
தெரியாததைத் தெரியும் என்று சொன்ன பெட்டிக்கும்
அதை நம்பிக் கேட்டவனுக்கும்
வார்த்தை அகப்படவில்லை.

"கேபிள்" என்றேன்.
தலையசைத்தார்.
கேபிள் என்றால் எல்லாருக்கும் புரிகிறது.